மாசிப் பனி, மத்தியான வெயில்: வீட்டுத் தோட்டத்தில் கோளாறு எங்கே என்று பார்ப்பது எப்படி

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் (பின்பருவ நெல்) அறுப்பு தொடங்குகிற நேரம்தான் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கும் அடுத்த பட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் போட்ட செடிகள் ஓய்ந்துபோய் நிற்கும். கோடைக் காய்கறிக்கு மண்ணைக் கிளறி, விதையைத் தேடி, பந்தலைச் சரிபண்ண வேண்டும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்புவதற்குள் நாற்று வேர் பிடித்துவிட்டால் அப்புறம் வரும் வெயிலை அதுவே சமாளித்துக்கொள்ளும். அதைத் தவறவிட்டு சித்திரையில் நட்டால், மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கும்போது பிஞ்சு வேரோடு மாட்டிக்கொள்ளும்.

மாசி மாதம் ஒரே நாளுக்குள் இரண்டு பருவத்தைக் காட்டும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். ஆனால் நம் பக்கத்துக் குளிரில் செடி செத்துப்போகாது. பாளையங்கோட்டையில் ராத்திரி 22, 23 டிகிரிக்கு இறங்கினால் அதுவே பெரிய விஷயம். மத்தியானம் 33, 34 ஆகிவிடும். மழை கிடையாது. விடியலில் இலையெல்லாம் நனைந்திருப்பதைப் பார்த்து, ஈரம்தான் இருக்கிறதே என்று தண்ணீரை நிறுத்துகிறவர்கள் உண்டு. மத்தியான வெயிலைப் பார்த்துப் பயந்து இரண்டு வேளையும் ஊற்றுகிறவர்களும் உண்டு. இந்த மாதத்துக் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கட்சியின் உபயம்தான்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுங்கள். பனி மேல்மண்ணைத்தான் நனைக்கும், வேர் வரை போகாது. உள்ளே மண் விரலில் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பொடியாக உதிர்ந்தால் ஊற்றுங்கள், காலையிலேயே, வேரடியில். சாயங்காலம் இலை நனைய ஊற்றினால் அந்த ஈரம் பனியோடு சேர்ந்து விடியும்வரை காயாது. இதைப் பார்த்த பிறகும் கோளாறு தீராவிட்டால் கீழே தேடுங்கள்.

விதை போட்டாச்சு, முளையைக் காணோம்

எந்த விதை என்று பாருங்கள். வெண்டையும் சீனியவரையும் (கொத்தவரை) ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும். கத்தரி, தக்காளிக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். மிளகாய் இன்னும் சோம்பேறி, பத்துப் பன்னிரண்டு நாள் கேட்கும். பாகலுக்குத் தோல் தடிப்பு. ஒரு ராத்திரி ஊறவைக்காமல் போட்டிருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும்.

கெடு தாண்டிவிட்டதா? ஒரு குச்சியால் மெல்லக் கிளறி, ஒரே ஒரு விதையை எடுத்துப் பாருங்கள். போட்டது போலவே கெட்டியாக இருந்தால் ஈரம் எட்டவில்லை. நசுக்கினால் கூழாகிறது என்றால் ஈரம் அதிகம். விதையே இல்லை என்றால் எறும்பு. கீரை விதையையும் தக்காளி விதையையும் வரிசை கட்டித் தூக்கிப் போய்விடும். அதற்குத்தான் கீரை விதையோடு ரவையைக் கலந்து தூவுவது. எறும்பு ரவையைச் சுமந்துகொண்டிருக்கும்போது விதை முளைத்துவிடும்.

செவல் மண்ணில் (செம்மண்) இன்னொரு சங்கடம் உண்டு. தண்ணீர் ஊற்றி வெயில் பட்டதும் மேலே ஓடு மாதிரி இறுகிவிடும். முளை உள்ளேயே வளைந்து கிடக்கும். விதைக்கு மேல் மண்ணைப் போடாமல் சலித்த மட்கு உரத்தை விதையின் தடிப்புக்கு இரண்டு மடங்கு மட்டும் தூவி, மேலே வைக்கோல் பரப்புங்கள். முளை தெரிந்த அன்றே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். மறந்தால் நாற்று வெளுத்து, நெடுநெடுவென்று வளர்ந்து சாயும்.

முளைத்த நாற்று அடியில் மெலிந்து விழுகிறது

மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு தண்ணீர் கோத்தது போலாகி நூலாக இளைத்திருந்தால் அது நாற்றழுகல். நெருக்கமாக விதைத்ததும் சாயங்காலத் தண்ணீரும்தான் காரணம். விழுந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி வெளியே போடுங்கள். மீதியை நெருக்கம் குறையக் கலைத்து விடுங்கள், நாற்றுத் தட்டை காலை வெயில் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள். பரவிக்கொண்டே போனால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து மண்ணில் ஊற்றலாம். அடுத்த தடவை விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத் தூளில் புரட்டி எடுத்துப் போட்டால் இந்த வேலையே மிச்சம்.

காலையில் பார்த்தால் நாற்றின் தலையைக் காணோம்

யார் வேலை என்று வெட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். தண்டு தரையோடு அரிந்தது போலிருந்து, துண்டு பக்கத்திலேயே கிடந்தால் வெட்டுப்புழு. அந்தச் செடியைச் சுற்றி ஓர் அங்குலம் மண்ணைத் தோண்டினால் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும். இலை ஓட்டை ஓட்டையாகி, பக்கத்தில் பளபளப்பான கோடு ஓடினால் நத்தை. இலை பிய்ந்து, மண் சீய்க்கப்பட்டு, பெரிய விரல் தடம் பதிந்திருந்தால் வேறு யார், மயில்தான். மானூர்ப் பக்கமும் நாங்குநேரிப் பக்கமும் இதைச் சொல்லத் தேவையில்லை.

மயிலை விரட்டலாம், தொடக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை. விஷம் கலந்த தானியம் வைப்பதெல்லாம் ஜெயிலுக்கு வழி. மினுமினுக்கும் நாடா, பழைய சிடி எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் அதற்குப் பழகிவிடும். நாற்றுப் பருவத்தில் மட்டும் வளைத்த மூங்கில் பிளாச்சின் மேல் வலையோ பழைய சேலையோ போர்த்தி ஓரத்தில் கல் வையுங்கள். செடி முழங்கால் உயரம் வந்துவிட்டால் தலையைக் கொத்தினாலும் பக்கக் கிளை விட்டுப் பிழைத்துக்கொள்ளும்.

தொட்டி மண்ணில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, இலை ஓரம் கருகுகிறது

இந்த மாதத்தின் முக்கியமான கோளாறு இதுதான், அதிகம் பேர் உரக் குறைவு என்று தப்பாக எடுத்துக்கொள்வதும் இதைத்தான். மழைக்காலத்தில் மண்ணைக் கழுவிவிட ஆள் இருந்தது. தை பிறந்ததிலிருந்து ஆழ்குழாய்த் தண்ணீர் மட்டும்தான். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் கடல் கிட்ட, கேட்கவே வேண்டாம். ஊருக்குள்ளும் வாளியில் வெள்ளைப் படலம் கட்டுகிற, சோப்பு நுரைக்காத தண்ணீர் என்றால் இதே கதைதான்.

வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கொஞ்சம் சுரண்டி ஒரு கரண்டியில் போட்டு, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். சிறு சிறு குமிழியாகப் பொங்கினால் சுண்ணாம்பு. பொங்காமல், தண்ணீரில் போட்டதும் கரைந்துபோனால் உப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உப்பு என்றால் கழுவ வேண்டும். மேலே பூத்ததை அரை அங்குல மண்ணோடு வழித்து எறியுங்கள். தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக, விட்டு விட்டு ஊற்றி, அடித்துளை வழியாக முழுக்க வடிய விடுங்கள். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற வீடு என்றால் கவலையில்லை. அடித்தட்டில் வடிந்த தண்ணீரைத் திரும்ப ஊற்றக் கூடாது, அதில்தான் உப்பெல்லாம் இருக்கிறது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஆர்ஓ சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வெளியே வரும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது. நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தத் தண்ணீர் ஏற்கெனவே இருந்த உப்பை இன்னும் கெட்டியாக்கியது. அதை வாசல் கழுவவும் கக்கூஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர் எதிர் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். அதில் உப்பு அனேகமாக இல்லை. நாற்றுத் தட்டுக்கு அதைப் பிடித்து வைக்கலாம்.

தளிர் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது

எலுமிச்சைச் சாறு பொங்கிய வீட்டுக்காரர்களுக்குத்தான் இது அதிகம் வரும். மண்ணில் இரும்புச் சத்து இருக்கும், சுண்ணாம்பு அதைச் செடிக்கு எட்டவிடாது. புது இலையில் மஞ்சள் என்றால் இரும்பு. அடி இலை முழுக்க மஞ்சளித்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. இந்த வித்தியாசம் தெரியாமல் யூரியாவை அள்ளிப் போட வேண்டாம்.

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கிடைக்கும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்து, உடனே சாயங்காலத்தில் இலையில் தெளியுங்கள். கரைத்து வைத்துவிட்டு மறுநாள் தெளித்தால் துருப்பிடித்த தண்ணீரைத் தெளித்த கணக்குத்தான். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. சிமெண்ட் தரையில் பட்டால் செங்கறை போகாது, தொட்டியைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இலையில் மாவு தூவியது போல

விரலால் துடைத்துப் பாருங்கள். இலைக்கு மேலே வெள்ளை மாவு, துடைத்தால் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால் சாம்பல் நோய். பூசணி, வெண்டை, பாகலில் வரும். காற்றோட்டமில்லாத இடம், ராத்திரிக் குளிர்ச்சி, பகல் சூடு, இதுதான் அதற்குப் பிடித்த சீதோஷ்ணம். இலை நனைந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் மேலே நரம்புக்கு நரம்பு கட்டம் கட்டியது போல மஞ்சள் புள்ளி, திருப்பினால் அடியில் சாம்பல் பூசணம் என்றால் அது அடிச்சாம்பல் நோய். அதைக் கொண்டுவந்தது பனி ஈரம்தான். இரண்டுக்கும் ஒரே மருந்து அடித்தால் ஒன்று நிற்கும், மற்றது நிற்காது.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து காலையில் தெளித்தாலே கட்டுப்படும். கந்தகத்தை மத்தியான வெயிலில் அடித்தால் கொடி இலை பொசுங்கிவிடும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் அடிக்காதீர்கள்; எண்ணெயும் கந்தகமும் ஒத்துக்கொள்ளாது. அடிச்சாம்பலுக்குப் பட்ட இலையைக் கிள்ளி எரித்துவிட்டு மான்கோசெப் என்ற பூசண மருந்து லிட்டருக்கு 2 கிராம், அதோடு கொடியைப் பந்தலில் பரத்திக் கட்டிக் காலை வெயில் விழும்படி செய்யுங்கள். மருந்து தெளித்த காயை உறையில் போட்டிருக்கும் இடைவெளி நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும்.

மிளகாய் இலை சுருட்டுகிறது

"அண்ணாச்சி, மிளகாய் சுருட்டுது, மருந்து கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது. மேல்நோக்கிச் சுருட்டுகிறதா, கீழ்நோக்கியா என்று நீங்கள் சொல்லவில்லையே.

இலை ஓரம் மேலே மடிந்து தோணி போலாகிவிட்டால் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து நுனியைத் தட்டுங்கள். நூல்முனை அளவில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஓடும். ஓரம் கீழே மடிந்து, காம்பு நீண்டு, இலை சிறுத்துத் தடித்திருந்தால் மஞ்சள் சிலந்தி. அது கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும். இரண்டும் இல்லாமல் செடியே குறுகி, நுனி கொத்தாகக் கூடி, வெள்ளை ஈ பறந்தால் அது வைரஸ். அதற்கு மருந்தில்லை. அந்தச் செடியைப் பிடுங்கிவிடுவது மற்றச் செடிகளுக்கு நல்லது. வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமலுக்கும் இதே தீர்ப்பு.

இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, பிழிந்து, கொஞ்சம் சோப்புக் கரைத்து, சாயங்காலத்தில் இலைக்கு அடியில் படும்படி அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் அடிக்காததற்குச் சமம். சிலந்திக்கு மேலே சொன்ன கந்தகம்தான் கேட்கும், வேப்பெண்ணெயை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தால். தண்ணீர் இல்லாமல் வாடும் செடியில் இலைப்பேன் அதிகமாகப் பெருகும். ஆகவே விரல் சோதனை இங்கேயும் உண்டு.

தென்னைக்குக் கீழே உள்ள செடியெல்லாம் கரி பூசியது போல

செடியில் நோய் தேடாமல் அண்ணாந்து பாருங்கள். ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள் சுருளாக இருந்தால், 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ உங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அது கழிக்கும் தேன் போன்ற பிசுக்கு கீழே சொட்டி, அதன் மேல் கரும்பூசணம் படர்கிறது. மழை நின்ற மாதங்களில்தான் அதிகம்.

தென்னைக்கு வீரியமான பூச்சிமருந்து அடிக்க ஆள் தேடாதீர்கள். இந்த ஈக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்ற பொடிக் குளவி இப்போது இங்கேயே இருக்கிறது, மருந்து முதலில் அதைத்தான் கொல்லும். விசைப் பம்பில் வெறும் தண்ணீரை ஓலையின் அடியில் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். கீழே உள்ள செடிகளில் ஒட்டிய கரியை எடுக்க மைதா மாவை லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் கஞ்சியாகக் காய்ச்சித் தெளித்தால், வெயிலில் காய்ந்து தோலாக உரிந்து விழும்.

பூ பூக்கிறது, காய் நிற்கவில்லை

சுரை, பீர்க்கு, பூசணி எல்லாவற்றிலும் முதலில் வருவது ஆண்பூ. அது விழத்தான் செய்யும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருந்தால் பெண்பூ. அது வெம்பி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. ஆண்பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலிருக்கும் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவ வேண்டும். நேரம்தான் முக்கியம். பூசணியும் பாகலும் காலையில் மலரும், சுரையும் பீர்க்கும் சாயங்காலம். காலையில் சுரைப் பந்தலுக்குப் போய் நின்றால் வாடிய பூதான் கிடைக்கும்.

முருங்கை தழைத்து நிற்கிறது, பூக்கவில்லை என்றால் தண்ணீர் அதிகம். கொஞ்ச நாள் காயப்போடுங்கள். மாம்பூ கருகி உதிர்ந்து, மரத்தடியில் நிற்கும்போது டிக் டிக்கென்று சின்னப் பூச்சி தெறித்து, இலை பிசுபிசுத்தால் தத்துப்பூச்சி. பூ முழுக்க விரிந்திருக்கும் நேரத்தில் எதையும் தெளிக்காதீர்கள், காயைப் பிடிக்க வைக்கும் ஈயும் வண்டும் போய்விடும். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீர் கட்டலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்துக் குழிகிறது

பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. ஒரு நாள் காய விட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றியதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. கறுத்ததைப் பறித்துப் போட்டுவிட்டுத் தண்ணீரை ஒழுங்காக ஊற்றினால் அடுத்த கொத்து சரியாகிவிடும்.

கறிவேப்பிலை அசையாமல் நிற்கிறது

விடுங்கள், அது பனிக்காலத்தில் தூங்கும். நுனியை ஒரு சாண் வெட்டிவிட்டு, புளித்த மோரைத் தண்ணீர் கலந்து வேரடியில் ஊற்றுங்கள். பங்குனியில் தளிர்த்துவிடும்.

மண் பாளம் பாளமாக வெடிக்கிறது

கங்கைகொண்டான், மானூர் கரிசலுக்கு இது குணம். வெடிக்கும்போது உள்ளே இருக்கும் பிஞ்சு வேரையும் சேர்த்து அறுத்துவிடும். வெடித்த பிறகு தண்ணீர் விட்டால் வெடிப்பு வழியே கீழே ஓடிவிடும். மேல் இரண்டு அங்குலத்தைக் களைக்கொத்தியால் பொடியாக்கி வெடிப்பை மூடி, அதன் மேல் மூடாக்குப் போட்டு, அப்புறம் தண்ணீர். திசையன்விளைத் தேரி மணலுக்கு வியாதி தலைகீழ், ஊற்றியது நிற்காது. குளத்து வண்டலும் மட்குரமும் சேர்க்க வேண்டும். வண்டல் அள்ளுவதற்கு முன்னால் தாசில்தார் அனுமதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூடாக்குக்கு இப்போது பிசான வைக்கோல் தாராளமாகக் கிடைக்கும். மூன்று நாலு அங்குலம் பரப்பலாம். செவல் மண்ணில் கரையான் வரும், அதனால் தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமனே விட்டுவிடுங்கள். தண்டில் மண் குழாய் ஏறியிருந்தால் தட்டிவிட்டு வைக்கோலைக் கொஞ்சம் ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த வைக்கோல்தான் கரையானை இழுக்கும்.

இடுப்பு பிடித்துக்கொண்டது

மழைக்காலம் முழுக்க மம்பட்டியைத் தொடாமல் இருந்துவிட்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தோட்டம் முழுவதையும் கொத்தினால் பிடிக்கத்தான் செய்யும். ஒரு நாளைக்கு ஒரு பாத்தி போதும், அதுவும் எட்டரை மணிக்குள். மம்பட்டிக் காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது அன்றைக்கு மட்டும்தான் நிற்கும், ஆப்பு அடித்துவிடுங்கள். சொட்டுநீர்க் குழாயின் துளை அடைத்திருந்தால் முனையைக் கழற்றி வினிகரில் ஒரு ராத்திரி போட்டால் படிந்த சுண்ணாம்பு கரைந்துவிடும்.

ஊருக்குப் போய்த் திரும்பினால் தொட்டியெல்லாம் வாடிக் கிடக்கிறது

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் வீட்டைப் பூட்டினால் இது நடக்கும். கிளம்பும் முன்னால் தொட்டிகளை மாடியிலிருந்து இறக்கித் தார்சாவில் (தாழ்வாரம்) நெருக்கி வைத்து, நடுவில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, பருத்தித் துணித் திரியை வாளியிலிருந்து ஒவ்வொரு தொட்டி மண்ணுக்குள்ளும் புதைத்துவிடுங்கள். வாளி தொட்டியை விடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும்.

செய்யாமல் போய்விட்டீர்களா? மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும். மேலே ஊற்றினால் அந்த இடுக்கு வழியே நேராக வெளியே வந்துவிடும், நீங்களோ நன்றாகக் குடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். தொட்டியை அப்படியே ஓர் அண்டாத் தண்ணீரில் விளிம்புவரை இறக்கி வையுங்கள், குமிழி வருவது நின்றதும் எடுத்து வடிய விடுங்கள். தென்னை நார்க்கழிவு கலந்த மண் என்றால் அரை மணி நேரம் பிடிக்கும். காய்ந்த இலையை மட்டும் கிள்ளிவிட்டு, தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் பிழைக்கும். புதுத் துளிர் வரும்வரை நிழலில் வைத்திருங்கள், உரம் எதுவும் போட வேண்டாம்.